பரணில் கிடக்கும் டிரான்சிஸ்டரைப் பேச வைப்பது எப்படி?

லூசாக இருக்கிற ஸ்குருவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எட்டாம் வகுப்பு படித்தபோது என் கையும் சும்மா இருக்கவில்லை. தாத்தாவின் ரேடியோ கொஞ்சம் மெதுவாகப் பாடுகிறதே என்று பின்மூடியைத் திறந்தேன். உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பாக்கள் நான்கு. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஆளுக்கொரு நிறத்தில் ஒரு திருகு. எல்லாமே லேசாக மேலே எழும்பி நிற்பதுபோல் தெரிந்தது. நான்கையும் நன்றாக இறுக்கினேன். மெதுவாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டி சுத்தமாக ஊமையாகிவிட்டது.

தெருக்கோடியில் ரேடியோ கடை வைத்திருந்த பெரியவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்ததுமே, "திருகிட்டியா தம்பி?" என்றார்.

"கொஞ்சம்தான் மாமா."

"எத்தனை?"

"நாலும்."

திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு. நான் சரி பண்றதை முழுசாப் பாத்துட்டுத்தான் போகணும்" என்றார். சாயங்காலம் ஆரம்பித்த வேலை கடை மூடும் வரை போனது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். அந்தத் திருகுகள் எதற்கு, அவற்றை ஏன் தொடக்கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

எந்தப் பெட்டியில் கை வைப்பது?

செல்லில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோவில் தொடங்குங்கள். எங்கள் பக்கம் அதன் பெயரே 'டிரான்சிஸ்டர்'தான். உள்ளே இருக்கும் மூன்று கால் சாமானுக்கும் அதே பெயர் என்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். இங்கே பெட்டியை ரேடியோ என்றே சொல்கிறேன். 1970, 80களில் வந்த ஒரு பேண்டு, இரண்டு பேண்டு செட் போதும். பிலிப்ஸ், மர்ஃபி, புஷ், நெல்கோ என்று பெயர் பொறித்த பெட்டிகள் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பரண்களில் இன்னும் தூங்குகின்றன. வீட்டில் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் சொல்லி வையுங்கள்.

இந்த ஊர்களில் ரேடியோ வெறும் பாட்டுப் பெட்டியாக இருந்ததில்லை. திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி அதன் வேளாண் நிகழ்ச்சிகள் விடாமல் பேச, தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் கேட்டுப் பார்த்தால் யாராவது ஒரு பெரியப்பா வீட்டில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும்.

ஏன் பழைய பெட்டி? பழசு ஒசத்தி, புதுசு மட்டம் என்று சொல்ல வரவில்லை. பழைய ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் உண்டு. அலையைப் பிடிக்க ஒருவர், நிலையத்தைப் பொறுக்க ஒருவர், சத்தத்தைப் பெரிதாக்க இரண்டு பேர். எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற அளவில், கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். யார் வேலை செய்யவில்லை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகலாம். புதிய ரேடியோவில் இத்தனை பேரும் அரிசி மூட்டையில் அரிசிபோல ஒரே சிப்புக்குள் போய்விட்டார்கள். அப்புறம், நான்கு பெரிய செல் போட்டால் மொத்தமே ஆறு வோல்ட். எங்கே தொட்டாலும் ஷாக் அடிக்காது. கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய நிம்மதி.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் எரியும் வால்வு ரேடியோவைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். அதன் உள்ளே இருநூறு, இருநூற்றைம்பது வோல்ட் டிசி ஓடும். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத வால்வு செட்களில் அடித்தட்டு இரும்பிலேயே வீட்டுக் கரண்ட் இருக்கலாம். டப்பா டிவியின் பிக்சர் டியூபும் மைக்ரோவேவ் அவனும் ஆளைக் கொல்லக்கூடியவை. ஒன்றிரண்டு வருஷம் கழித்து, கூட ஆள் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மேசை மேல் என்ன வேண்டும்?

25 வாட் சால்டரிங் அயன் ஒன்று. பற்றவைக்க, வெள்ளீயம் அறுபதுக்கு ஈயம் நாற்பது கலந்த மெல்லிய ஈயக்கம்பி. டிஜிட்டல் மல்டிமீட்டர், விலை குறைந்ததே போதும். நுனி மெலிந்த பிளையர், ஒரு கட்டர், இரண்டு மூன்று ஸ்குரு டிரைவர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. குடும்பத்தோடு இரண்டு தடவை சினிமாவுக்குப் போய்வந்தால் ஆகிற செலவுக்குள் முடியும்.

ஈய விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கும்பகோணத்தில் பாத்திரம் பற்றவைக்கிறவர்கள் தொட்டுக்கொள்கிற அமிலத்தை வாங்கி வந்து போர்டில் பூசிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அன்றைக்கு ஒட்டியது, ஐப்பசி மழை வந்ததும் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அறுந்துவிட்டன. பாத்திரத்துக்கு ஆவது போர்டுக்கு ஆகாது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் பேஸ்ட் மட்டும் போதும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் முறுக்கைத் தொட வேண்டும், அது ஈயம்.

உதிரிச் சாமான் வாங்க திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் போகலாம். சென்னை போகிறவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பட்டியலைக் கொடுக்கலாம். இப்போது ஆன்லைனில் எல்லாமே கிடைக்கிறது. ஆனால் பழைய டிவி சர்வீஸ் கடைகளில் உடைத்துப் போட்ட போர்டுகள் மூட்டையாகக் கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். பற்றவைத்துப் பழக அதைவிட நல்லது இல்லை. முதல் வாரம் முழுவதும் அதில் கழற்றுங்கள், மாட்டுங்கள், கழற்றுங்கள். நல்ல பற்று பாதரசத் துளிபோல் பளபளக்கும்; சூடு போதாமல் ஒட்டிய 'குளிர்ந்த' பற்று சாம்பல் பூத்துச் சொரசொரவென்று இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகினாலே பாதி ரேடியோக்களைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் செல் அறை

மூடியைத் திறக்கும் முன் செல் போடும் இடத்தைப் பாருங்கள். பரணில் கிடந்த பெட்டிகளில் தொல்லை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பித்திருக்கும். யாரோ எப்போதோ போட்ட செல் கசிந்து, ஸ்பிரிங்கைத் தின்று, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சாதாரணச் செல் கசிந்தது அமிலத் தன்மை உள்ளது; சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும். அல்கலைன் செல் என்றால் தலைகீழ்; அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ. பிறகு ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. நிழலில் காய வையுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் பிளாஸ்டிக் பெட்டி அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போனில் டவரும் இல்லை. பரணிலிருந்து ரேடியோவை இறக்கிப் புது செல் போட்டிருக்கிறார். மூச்சு இல்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக என்னிடம் எடுத்து வந்துவிட்டார். நெகட்டிவ் பக்க ஸ்பிரிங் உப்புக் காற்றில் துருப்பிடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உடைந்த டார்ச் லைட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து, நுனியைச் சுரண்டிப் பற்றவைத்தேன். அவ்வளவுதான். வேலை கால் மணி நேரம்; சித்தப்பா உட்கார்ந்து விழுந்த மரங்களைப் பற்றிப் பேசியது இரண்டு மணி நேரம்.

திறந்ததும் தொடாதீர்கள், பாருங்கள்

பின்மூடியைக் கழற்றியதும் போனில் நான்கைந்து படம் எடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, டயல் நூல் எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கம் வருகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய மெக்கானிக்குகள் இதை சிகரெட் அட்டையில் வரைந்து வைப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு அவர்களைவிட வசதி அதிகம்.

உள்ளே என்னென்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. பல்லி முட்டை, குளவி மண்கூடு, எலி கடித்த ஒயர், அறுவடைக் காலத்து நெல் தூசு எல்லாம் பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். நீளமான கறுப்புக் குச்சி ஒன்று இருக்கும், அதில் மெல்லிய நூல் சுற்றிய கம்பிச் சுருள் இருக்கும். அதுதான் ஏரியல். குச்சி பீங்கான் மாதிரி. கீழே விழுந்தால் இரண்டாகும். சுருளிலிருந்து வரும் கம்பிகள் தலைமுடியைவிட மெல்லியவை. அதில் ஒன்று அறுந்து தொங்குகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். தொங்கினால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கோளாறு கிடைத்துவிட்டது.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது தடவை அங்கும் இங்கும் திருப்புங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். மார்கழியில் அது உறைந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த வருஷம் இருப்பதும் போய்விடும்.

எவ்வளவு கரண்ட் குடிக்கிறது?

இந்த ஒரு சோதனையை யாரும் ஆரம்பத்தில் சொல்லித் தருவதில்லை. தீப்பெட்டி அட்டைத் துண்டு ஒன்றின் இரு பக்கமும் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். இரண்டு தாளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதைச் செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே சொருகி, இரண்டு பக்கத் தாளிலும் மீட்டரின் இரண்டு முனைகளை வையுங்கள். மீட்டர் ஆம்பியர் பக்கம், முதலில் பெரிய அளவில். முள்ளோ எண்ணோ அசையவில்லை என்றால் அப்புறம் மில்லி ஆம்பியருக்கு இறக்கலாம்.

வால்யூமை முழுக்கக் குறைத்த நிலையில் ஆறு வோல்ட் ரேடியோ பத்திலிருந்து இருபத்தைந்து மில்லி ஆம்பியர் எடுத்தால் நல்ல பிள்ளை. ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் ஸ்விட்ச், ஒயர், ஸ்பிரிங், இதில் ஒன்று போயிருக்கிறது. நூறைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே ஏதோ ஷார்ட். பெரும்பாலும் சத்தம் தரும் கடைசி டிரான்சிஸ்டர்களோ, பேட்டரி லைனில் குறுக்கே நின்று கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சரோ.

மீட்டர் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பல பழைய செட்களில் எர்த், அதாவது எல்லா வோல்டேஜையும் எதிலிருந்து அளக்கிறோமோ அந்தப் பொது லைன், பேட்டரியின் பாசிட்டிவ். இப்போதைய சாமான்களில் பழகியவர்கள் கறுப்பு முனையைக் கண்ணை மூடிக்கொண்டு எர்த்தில் வைத்துவிட்டு, எல்லா வோல்டேஜும் மைனஸில் வருகிறதே என்று ஒரு மணி நேரம் தலையைச் சொறிவார்கள். நான் சொறிந்திருக்கிறேன்.

ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி நடங்கள்

ஏரியலில் நுழைந்து ஸ்பீக்கரில் வெளியே வருகிறது சத்தம். நாம் வாலிலிருந்து தலைக்குப் போக வேண்டும்.

ஒரு செல்லிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். 'டொக்' என்றால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. சத்தம் வந்தும் ரேடியோ பாடவில்லையா? இயர்போன் சொருகும் துளையைப் பாருங்கள். இயர்போன் போட்டால் ஸ்பீக்கரைத் துண்டிக்க உள்ளே ஒரு தகடு உண்டு. கடற்கரை ஊர்களில் அந்தத் தகடு உப்புப் பூத்து, இயர்போன் இல்லாமலே ஸ்பீக்கரைத் துண்டித்து வைத்திருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து வந்த பெட்டி ஒன்றில் நான் மாலை முழுவதும் டிரான்சிஸ்டர்களைச் சோதித்துவிட்டு, கடைசியில் இந்தத் துளையில் இயர்போன் ஊசியைப் பத்துத் தடவை சொருகி எடுத்ததும் பாட ஆரம்பித்தது. அன்றிலிருந்து முதலில் அங்கேதான் போகிறேன்.

அடுத்து வால்யூம் கண்ட்ரோல். இங்கே புதுசு பழசுக்கு உதவும். பாட்டு ஓடும் செல்போனின் ஹெட்போன் ஒயர் ஒன்றை வெட்டி, எர்த் ஒயரை வால்யூம் கண்ட்ரோலின் எர்த் காலிலும், சத்தம் வரும் ஒயரை ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாக நடுக்காலிலும் தொடுங்கள். போன் அப்போது சார்ஜரில் இருக்கக்கூடாது. ஜாக் இல்லாத போன் என்றால் பழைய எம்பி3 பிளேயர் ஒன்று தேடுங்கள். பாட்டு ஸ்பீக்கரில் கேட்டால் வால்யூமுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நலம்; கோளாறு முன்பாதியில். கேட்கவில்லையென்றால் பின்பாதியில். ஒரே தொடுதலில் பாதி பெட்டியைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டோம்.

முன்பாதியில் ஆசிலேட்டர் என்று ஒருவர் உண்டு, ரேடியோவுக்குள்ளேயே சொந்தமாக ஒரு அலையை உண்டாக்குகிறவர். அவர் ஓடுகிறாரா என்று பார்க்க நல்ல ரேடியோ ஒன்று போதும். அதைப் பக்கத்தில் வைத்து 1200 கிலோஹெர்ட்ஸ் சுமாரில் நிறுத்துங்கள். கோளாறு ரேடியோவின் முள்ளை 750இன் அக்கம்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல ரேடியோவில் ஒரு விசிலோ, இரைச்சல் திடீரென்று அடங்குவதோ கேட்டால் ஆசிலேட்டர் ஓடுகிறது. ஏன் 750, ஏன் 1200 என்பதற்குக் காரணம் அந்த நான்கு திருகுகளில் இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் காய்ந்துபோகும். நாற்பது வருஷம் ஆனால் நம் முழங்கால் மாதிரிதான். சத்தம் குறைவது, அடித்தொண்டை இல்லாமல் கீச்சென்று பாடுவது, ஃபெரி படகு மோட்டார் மாதிரி 'டுக் டுக் டுக்' என்பது எல்லாம் இவர்கள் வேலை. கழற்றாமலே சோதிக்கலாம். அதே அளவுள்ள புதியதை, பிளஸ் மைனஸ் பார்த்து, பழையதன் கால்களின் மேலேயே வைத்துப் பாருங்கள். சத்தம் எழும்பினால் மாற்றிவிடுங்கள். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. புதியதில் பட்டைக் கோடு மைனஸைக் காட்டும். இரு பக்கமும் கால் நீட்டிய பழைய வகையில் பள்ளம் விழுந்த பக்கம் பிளஸ். பாசிட்டிவ் எர்த் செட்டில் இதைப் பழைய கண்டென்சரைப் பார்த்தே மாட்டுங்கள், ஊகிக்காதீர்கள்.

ரெசிஸ்டர் கெடுவது குறைவு. நிறக் கோடுகளை மட்டும் படிக்கப் பழகுங்கள்: கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 47க்குப் பின்னால் இரண்டு பூஜ்யம், 4700 ஓம்.

டிரான்சிஸ்டரை மீட்டரின் டயோடு நிலையில் சோதியுங்கள். ஜெர்மானியம் 0.2, 0.3 காட்டும், சிலிக்கான் 0.6 சுமார். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. பற்றவைக்கும்போது காலைப் பிளையரால் பிடித்துக்கொண்டால் சூடு உள்ளே ஏறாது. ஏஎஃப் 114இலிருந்து 117 வரை எண் போட்ட, நான்கு கால் உள்ள டிரான்சிஸ்டர் இருந்தால் அது தனிக் கதை. அதன் தகரக் கூட்டுக்குள் வெள்ளீயம் தானாகவே முடிபோல் வளர்ந்து, உள்ளே இருக்கும் கம்பிகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். கூட்டோடு இணைந்திருக்கும் நான்காவது காலை மட்டும் வெட்டிவிட்டால் பல சமயம் மறுபடி பேசும். எது அந்தக் கால் என்று மீட்டரால் கூட்டுக்கும் காலுக்கும் நடுவே பார்த்து உறுதிசெய்துகொண்டு வெட்டுங்கள்.

அந்த நான்கு திருகுகள்

திருச்சி நிலையம் மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸ். நீங்கள் முள்ளை அங்கே கொண்டுபோகும்போது, ரேடியோவுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 1391இல் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 455. எந்த நிலையத்தைப் பிடித்தாலும் ஆசிலேட்டர் அதைவிட 455 மேலேயே ஓடும்படி, டயலைத் திருப்பும்போது கூடவே சுழலும் கேங் கண்டென்சர் இழுத்துக்கொண்டு போகும். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே அலைவரிசைதான் வேலை. 750ம் 455ம் சேர்ந்தால் 1205. மேலே சொன்ன விசிலுக்குக் கணக்கு அதுதான்.

மஞ்சள், வெள்ளை, கறுப்பு டப்பாக்கள் அந்த 455ஐ மட்டும் உள்ளே விடும் வாசல்கள். சிவப்பு டப்பா ஆசிலேட்டரின் கம்பிச் சுருள். தொழிற்சாலையில் கருவி வைத்துத் திருப்பி நிறுத்தியவை. அரைச் சுற்று திருப்பினாலே வாசல் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கும் கரு உதிரி மண் மாதிரி. ஸ்டீல் ஸ்குரு டிரைவரை விட்டு அழுத்தினால் பிளந்துவிடும். பெரியவர் அன்றைக்கு மூங்கிலைச் சீவிய ஒரு பட்டைக் குச்சியால், கண்ணை மூடிக்கொண்டு, நிலையத்தின் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காதாலேயே ஒவ்வொன்றாகத் திருப்பினார். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், மறுபடி கறுப்பு. "ஆயிரம் தடவ பண்ணினா உனக்கும் வரும்" என்றார். ஆயிரம் தடவை பண்ணாதவர்கள், வேறு எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், அதுவும் திருகின் நிலையைப் பேனாவால் குறித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

டயல் நூல்

நூல் அறுந்திருந்தால் எடுத்து வைத்த படம் உதவும். டயல் நூல் என்றே கடையில் கேளுங்கள். தூண்டில் நரம்பு கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அது உருளையில் வழுக்கும். கட்டி முடித்ததும் முள்ளைத் திருச்சி கேட்கும் இடத்தில் 936க்கு நேராக நகர்த்தி ஒரு சொட்டுப் பசை வைத்தால் போதும்.

உள்ளே இருக்கும் ஏரியல் குச்சிக்குத் திசை உண்டு. குச்சியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால்தான் நன்றாகப் பிடிக்கும், நுனி பார்த்தால் மங்கும். கும்பகோணத்துக்குத் திருச்சி மேற்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து இருக்கிறது. ஆக குச்சி ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கும்படி ரேடியோவை வையுங்கள்.

புதிய சாமான்களுக்கு வந்தால்

இப்போது விற்கும் கைக்கடக்கமான ரேடியோவைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். நகக்கண் அளவு சிப் ஒன்று, ஒரு கிரிஸ்டல், அரிசிக் குருணை மாதிரி சில உதிரிகள். திருகுவதற்கு எதுவுமே இல்லை; நிலையத்தைப் பொறுக்கும் வேலை கணக்காகவே சிப்புக்குள் நடக்கிறது. எஃப்எம்மில் அது என் தாத்தாவின் பெட்டியைவிட நன்றாகப் பாடுகிறது, முள் நகர்ந்துபோவதும் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் பழசைக் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிப் போனால் மட்டும் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் என் மேசைக்கு வரும் புதுச் சாமான்களில் சிப் போனவை குறைவு. சார்ஜர் ஊசி நுழையும் பொந்து ஆடும், ஸ்விட்ச் தேயும், பேட்டரி செத்திருக்கும், ஒரு பற்று விட்டிருக்கும். பழைய பெட்டியில் கற்ற அதே நடை இங்கேயும் செல்லும்: கரண்ட் வருகிறதா, எதுவரை வருகிறது. 2000ஐ ஒட்டி வந்த கம்ப்யூட்டர் போர்டுகளில் தலை உப்பிய கண்டென்சர்களை மாற்றியே எத்தனையோ பேர் பிழைத்தார்கள். எல்இடி பல்பில் விளக்குப் புள்ளிகள் பெரும்பாலும் வரிசையாகக் கோத்திருக்கும்; ஒன்று கருகினால் அந்த வரிசையே அணையும். கறுப்புப் புள்ளி விழுந்தது எது என்று கண்ணாலேயே தெரியும்.

பல்பைத் திறப்பதற்கு முன் பயம் வேண்டும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்; பல்பு, சார்ஜர், டிவி எதிலும் அது உள்ளே நுழைந்து டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கிருக்கும் பெரிய கண்டென்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். விலை குறைந்த எல்இடி பல்புகளில் உள் தகடு முழுவதுமே கரண்ட் லைனோடு இணைந்திருக்கும். ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக்கொண்டே தொட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்துவதும் அப்படித்தான், தீப்பிடிக்கும்.

இன்னொரு தொல்லை. ரேடியோவைச் சரிசெய்து, முள்ளையும் நிறுத்தி, குச்சியையும் திசை பார்த்து வைத்தபின் 'ஸ்ஸ்ர்ர்' என்று மட்டும் கேட்டால் உடனே மறுபடி பிரிக்காதீர்கள். வீட்டு எல்இடி பல்பையும் மொபைல் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அவற்றின் உள்ளே ஸ்விட்ச்சாகும் கரண்ட் மீடியம் வேவ் முழுக்க இரைச்சலைக் கொட்டும். எங்கள் வீட்டில் கூடத்து பல்பை அணைத்தால்தான் திருச்சி தெளிவாக வரும். அதனால் நான் செய்திகள் கேட்பது திண்ணையில்.

கேட்டு முடித்ததும், அடுத்த வாரம்தான் எடுப்பேன் என்றால், செல்லைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ரேடியோவைப் பரணில் போடாமல், அலமாரியில் ஒரு துணிப்பையில் கொஞ்சம் அரிசியைக் கட்டி அதன் பக்கத்தில் வையுங்கள். அரிசியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும், எறும்பு வரும்.